சாமிக்கு விட்ட புல்

சுனாமிக்கு முந்திய வருடம். இலங்கையில், பெல்மதுளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஊற்றுநீர் கசிந்தோடும் சதுப்பு ஒன்று உண்டு. அங்கே வளர்வதெல்லாம் மாட்டுக்கு அறுக்கும் கோரை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சிங்கள மிஸ் வந்து, முழங்கால் வரை இறங்கித் தேடினார். கோரையின் சாயலில் ஓர் அரிய சதுப்புப் புல்லாம். இலையை விரலிடையே இழுத்தால் உள்ளே முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுமாம். கிடைக்கவில்லை. கண்டால் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முன் லயத்தில் எல்லாரும் கூடிச் சுத்தம் செய்யும் சிரமதானம். கொசு பெருகுகிறது என்று சதுப்பையும் வெட்டி, மண் போட்டு மூட முடிவானது. எனக்கும் நிம்மதிதான். நடக்கத் தொடங்கியிருந்த மகள் அதில் விழுந்துவிடுவாளோ என்று தினமும் பயம். அன்று எல்லாருக்கும் பிளேன்டி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளை மடியில் வைத்து ஓரமாக உட்கார்ந்தேன். அவள் ஓர் இலையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சிரித்தாள். விடுவிக்கப் போன என் விரலில் தட்டுப்பட்டது. முடிச்சு, முடிச்சு, முடிச்சு!

இதுதானா? இல்லாவிட்டால்? அதற்குள் கவ்வாத்துக் கத்திகள் பக்கத்தில் வந்துவிட்டன.

"நிறுத்துங்க! இத வெட்டாதீங்க!"

"என்னடி, கோரைக்கு வக்கீலா வந்திருக்கியா?" என்றாள் பக்கத்து அறையில் குடியிருந்த காம்பராக்காரி. "கொசு கடிச்சா ஒம் புள்ளைக்குந்தானே காய்ச்சல்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் பயமும் அதுதான். ஆனாலும், "அந்த மிஸ் வர்ற வரைக்கும் இந்த மூலைய மட்டும் விட்டுருங்க" என்று கெஞ்சினேன்.

வேலையை மேற்பார்த்த கங்காணி தலையைச் சொறிந்தார். பிறகு திருவிழாவுக்கு வாங்கிய மஞ்சள் துணியில் ஒரு துண்டு கிழித்து, குச்சியில் கட்டி அங்கே நட்டார். "சாமிக்கு விட்டாச்சு. இனி எவனாவது கைய வச்சுப் பாருங்க."

எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்குத்தான் தூக்கமில்லை. வெறும் புல் என்றால் லயமே சிரிக்குமே!

செய்தி கிடைத்து மிஸ் வந்தார். இலையை இழுத்துப் பார்த்தவர் சேற்றிலேயே மண்டியிட்டார்.

"நங்கி, மேக்க தமய்!" இதேதான், தங்கச்சி!

சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். மகள் கைதட்டினாள். "நாங்கதானே மிஸ் பத்திரமா விட்டு வச்சோம்" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி! ஓடும் ஊற்றைவிட, லயத்து வடிகால் கானில் தேங்கிய தண்ணீரில்தான் கொசு அதிகம் என்று மிஸ் சொல்ல, மண்வெட்டிகள் கான் பக்கம் திரும்பின.

எதையும் நூறு தடவை யோசிக்கும் நான், இன்று மகள் வளர்ந்துவிட்டாலும், அவள் எதையாவது பிடித்துச் சிரித்தால் பறித்து எறிவதில்லை. முதலில் என் விரலையும் அதில் வைத்துப் பார்க்கிறேன்.