கப்பலால் வந்தவரின் வயிறு

உலகம் முழுக்க எயிட்ஸ் என்ற பெயருக்குப் பயந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரி ஒன்றில் இளம் சத்திரசிகிச்சை மருத்துவன். கொழும்பிலிருந்து அறிவுறுத்தல் வந்தது: எல்லா நோயாளிகளையும் தொற்று உள்ளவர்களாகவே நினைத்து நடக்கவேண்டும், ஒருவருக்குப் பாவித்த கையுறையை இன்னொருவருக்குப் பாவிக்கக்கூடாது. அறிவுறுத்தல் போர்க்காலப் பொருள் தடைகள் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டது. கையுறைதான் வரவில்லை. பாவித்ததையே கழுவி, தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்த்து, ஒட்டுப்போட்டு, அவித்து மறுபடி போட்டோம். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு காலை, மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் காரில் ஒரு பெண் தன் கணவரைக் கொண்டுவந்தார். வடக்குக் கடலோர ஊர்க்காரர்கள். கணவர் பல வருடம் வெளிநாட்டுக் கப்பலில் வேலைசெய்து, அண்மையில்தான் ஊர் திரும்பியவர். மெலிந்த உடம்பு காய்ச்சலில் கொதித்தது. வயிறு பலகை போல இறுகிக் கிடந்தது. குடல்வால் வெடித்திருக்கிறது என்று தொட்டவுடன் விளங்கிவிட்டது.

என் பெரிய டொக்டர் கட்டிலுக்குக் கிட்ட வரவேயில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "உவர் எந்தெந்தத் துறைமுகத்திலை இறங்கித் திரிஞ்சவரோ, ஆருக்குத் தெரியும்? இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பும். முடிவு வரட்டும்."

"சேர், முடிவு வர மாசக்கணக்காகும். இண்டைக்கு வெட்டாட்டி ஆள் செத்துப்போவார்."

"நீர் இன்னும் கலியாணம் கட்டேல்லை. எனக்குப் பிள்ளையள் இருக்கு."

ஷெல் விழுந்து கூரை ஓடுகள் நொறுங்கியபோதும் வெட்டிக்கொண்டிருந்த நோயாளியை விட்டு அசையாத மனிதர் அவர். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் நானும் ஊரை விட்டுப் போகாமல் நின்றேன். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

"அப்ப நான் செய்யிறன் சேர்" என்றேன்.

"உம்மடை விருப்பம்" என்றுவிட்டுப் போனார்.

அதற்குள் கதை பரவிவிட்டது. கட்டிலை விறாந்தையின் கடைசி மூலைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். வேலையாள் ஒருவன் அவரின் வாந்தி வாளியைக் காலால் தள்ளி வைத்தான். மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இவருக்கு என்ன வருத்தம்? ஏன் ஒருத்தரும் கிட்ட வருகினமில்லை?"

"குடல்வால் வெடிச்சிருக்கு அக்கா. வெட்டினால் சுகம் வரும்" என்றேன். மற்றக் கேள்வியை விட்டுவிட்டு, கட்டிலைச் சத்திரசிகிச்சை அறைப்பக்கம் தள்ளினேன்.

மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வரும் தாதி ஒருவர், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், கேட்காமலே எனக்கு உதவிக்கு வந்தார். ஒட்டுப்போட்ட கையுறை இரண்டு சோடியை நீட்டினார். "ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போடுங்கோ டொக்டர். ரெண்டிலையும் ஒரே இடத்திலை ஓட்டை இராது."

வயிற்றைத் திறந்ததும் சீழ் பொங்கியது. அள்ளி, கழுவி, வெடித்த குடல்வாலை எடுத்தேன். மூடும்போது தையலூசி இரண்டு கையுறைகளையும் துளைத்து என் விரலில் ஏறியது. மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். விரலைக் கழுவி, வேறு கையுறை போட்டு மிச்சத்தைத் தைத்தேன். எனக்கும் பயம்தான். பெரிய டொக்டரின் பயம் என் உடம்பிலும் இருந்ததைக் கண்டு எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அவர் பிழைத்தார். காயம் மெல்லமாய்த்தான் ஆறியது. கொழும்புக்குப் போன இரத்தத்தின் முடிவு வரவேயில்லை. பெரிய டொக்டரோ காலையில் என்னைக் கண்டால் முதலில் அதைத்தான் கேட்பார்.

"முடிவு வந்ததோ?"

ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "வரேல்லை சேர். வந்தாலும் உங்களுக்குச் சொல்லமாட்டன். அந்தாளின்ரை காயம் எப்பிடியெண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

அவர் முகம் கறுத்தது. திரும்பி நடந்தார். அதன்பிறகும் ஒரே சத்திரசிகிச்சை மேசையில் வேலைசெய்தோம், வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

கப்பல்காரர் மனைவியின் தோளைப் பிடித்து நடந்து வீடு போனார். பிறகு அவரை நான் காணவில்லை. எனக்கு ஒன்றும் தொற்றவில்லை என்பது நாட்டை விட்டு வந்தபிறகுதான் உறுதியாகத் தெரிந்தது. இந்தக் கதையைக் கேட்கிற மருத்துவ நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "அப்ப அவருக்கு அந்த வருத்தம் இருந்ததோ, இல்லையோ?"

தெரியாது என்பேன். இருந்திருந்தால் அவரைச் சாகவிட்டிருப்பீர்களோ என்று திருப்பிக் கேட்பேன்.