பதினாலு பாயின்ட்டும் ஒரு பெஞ்சும்

தொட்டபெட்டா ஏறும்போது, பாதி மலையில், விஜயா அம்மா வண்டியில் இல்லை என்று தெரிந்தது. டூரிஸ்ட் வேன் ஓட்டிய இத்தனை வருடத்தில் பெட்டியைத் தொலைத்திருக்கிறேன். ஆளைத் தொலைத்ததில்லை.

ஐயப்பன்தாங்கல் அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து ஏழு குடும்பத்தை ஊட்டிக்கு ஏற்றி வந்திருந்தேன். தலைமை, அசோசியேஷன் செயலாளர். ஐடி கம்பெனியில் மேனேஜர். பார்க்க வேண்டிய பதினாலு பாயின்ட்டை பிரிண்ட் எடுத்து லேமினேட் போட்டு வைத்திருந்தார். பாயின்ட்டுக்கு இருபது நிமிஷம். வெள்ளைக்காரன் வெயில் தாங்காமல் மலையேறிப் போய் உட்கார்ந்த ஊர் அது. நம் ஆட்கள் அங்கே உட்காருவதே கிடையாது. இறங்குவார்கள், பெயர்ப்பலகை முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள், ஏறிவிடுவார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் தலையை எண்ணிவிட்டு எடுப்பது என் வழக்கம். அதற்கு நேரமாகும் என்று செயலாளர் வேறு முறை கொண்டுவந்தார். ஃபிளாட் நம்பரை அவர் கூப்பிடுவார். வீட்டுக்கு ஒருவர் "ஓகே" சொன்னால் போதும். ஜி-டூ அவருடைய ஃபிளாட். அதைத் தானே கூப்பிட்டு, தானே ஓகே சொல்லிக்கொள்வார்.

அவர் என் பக்கத்து சீட்டில். மனைவி விஜயா கடைசி சீட்டில். பின்னால் முறுக்கு நீட்டிய பக்கத்து ஃபிளாட்காரம்மாதான் காலி சீட்டைப் பார்த்தார். போன் போடலாம் என்றால், கேமரா நன்றாக இருக்கிறது என்று விஜயா அம்மா போனையும் செயலாளரே வாங்கி வைத்திருந்தார். மனிதர் முகம் வெளுத்துவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக அந்தம்மாவைப் பார்த்த நாலாவது பாயின்ட்டுக்கு, பொட்டானிக்கல் கார்டனுக்கு, வண்டியைத் திருப்பினேன். அதற்கப்புறம் இரண்டு பாயின்ட் வேறு பார்த்து முடித்திருந்தோம். மரத்தடி பெஞ்சில் கேரட் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, ஒண்ணும் ஆவலியே? பயந்துட்டோம்" என்றேன்.

"எனக்கு என்ன பயம்? கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ்ளோ நேரம் யாரும் எழுப்பாம உக்காந்ததே இல்லண்ணே."

செயலாளருக்கு உயிர் வந்துவிட்டது. உடனே லிஸ்ட்டும் நினைவுக்கு வந்துவிட்டது.

"சரி ஏறு. இன்னும் எட்டு பாயின்ட் பாக்கி."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல."

அந்தம்மா குரல் உயரவில்லை. பக்கத்து ஃபிளாட்காரம்மா முறுக்குப் பொட்டலத்தோடு இறங்கிப் பெஞ்சுக்குப் போனார். அடுத்து இன்னொரு அம்மா. பிள்ளைகள் புல்லில் உருள ஓடின. கடைசியில் கணவன்மார்களும் செயலாளர் முகத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டார்கள்.

புதிதாக வேன் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சவாரி எவ்வளவு பெரிய மேனேஜராக இருந்தாலும் சரி, தலையை நீயே எண்ணு. அவர்கள் எண்ணுவது வேறு.

மிச்சம் எட்டு பாயின்ட்டையும் நானும் செயலாளரும் மட்டும் பார்த்தோம். தொட்டபெட்டாவில் ஒரே பனிமூட்டம். பலகை தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். எட்டு இடத்திலும் அவரை நான்தான் போட்டோ எடுத்தேன், விஜயா அம்மாவின் போனில். ஒன்றில்கூட அவர் பக்கத்தில் யாரும் இல்லை.