சாப்பிடுவதற்கு ஒரு நேர்த்தி

எங்கள் சித்தியைப் போல விரதம் பிடித்தவர் வெள்ளவத்தையிலேயே இல்லை. வெள்ளி, செவ்வாய், சஷ்டி, சதுர்த்தி என்று ஒன்றையும் விடமாட்டார். விரதம் இல்லாத நாட்களில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வேலை முடிந்து வந்து, “ஒபிசில சாப்பிட்டிட்டன்” என்பார். கோயிலில் மாமிமார் அவரைக் காட்டித் தங்கள் மகள்மாரைத் திட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் சித்தி குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா பேயறைந்த முகத்தோடு வந்தார். இது பக்தியில்லை, சாப்பாட்டுக்குப் பயப்படுகிற வருத்தம், கொழும்பில் கனபேருக்கு இருக்கிறது, இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று டொக்டர் சொன்னாராம். கனபேருக்கு என்பதை மட்டும் அம்மா நம்பவில்லை.

“எனக்கு விரதம் அக்கா” என்ற ஒரே பதிலில் டொக்டரும் தோற்றார், அப்பாவும் தோற்றார். அம்மா தோற்கிற ஆளில்லை. சாமியறையில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து சொன்னார்.

“முருகனுக்கு நேத்திக்கடன் வச்சிட்டன். தைப்பூசம் வரைக்கும் நீ மூண்டு நேரமும் சாப்பிடுவாய் எண்டு.”

“சாப்பிடுறதுக்கு ஆரும் நேத்தி வைப்பினமே?”

“வச்சாச்சு. செய்யாட்டி அவருக்கு நீயே பதில் சொல்லு.”

சித்தி டொக்டருக்குப் பயப்படாதவர், முருகனுக்குப் பயந்தவர். தட்டின் முன்னால் இருந்து அழுதார், அம்மாவைத் திட்டினார். தேங்காய்ப்பால் சொதி ஆறிப்போய் மறுபடி சூடானது. கடைசியில் ஓர் இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். கிரிக்கெட்டில் வென்றது போல வீடு ஆரவாரப்பட்டது. அப்பா வெறும் தட்டைப் படம் எடுத்துக் கனடா மாமாவுக்கு அனுப்பினார்.

சித்தியின் அடுத்த கிளினிக்குக்கு நானும் ஒட்டிக்கொண்டேன். வெளியே வாங்கில் ஒபிஸ் உடுப்போடு ஓர் அக்கா, தெமட்டகொடையில் கடை வைத்திருப்பதாக அம்மாவிடம் சொன்ன பருமனான முஸ்லிம் நானா ஒருவர், இன்னும் சிலர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தி உள்ளே போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்கட சித்தி இடியப்பம் சாப்பிட்டவ.”

“முழுசாவா மகள்?” என்று கேட்டார் நானா.

“ஓம். சொதியோட.”

அவர் கைதட்டினார். அந்த அக்காவும் தட்டினார், பிறகு வாங்கு முழுதும் தட்டியது. வெளியே வந்த சித்தி ஒன்றும் விளங்காமல் நின்று, பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நானா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்ததாகக் கூப்பிட்டது அவருடைய பெயரைத்தான். இவ்வளவு பெரிய மனிதருக்குச் சாப்பாட்டில் என்ன பயம் இருக்கப்போகிறது, உள்ளே யாரையோ பார்க்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.