சலூன்காரர் சொன்ன ஆமாங்க

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஆமாங்க' என்றால்தான் தெரியும். "ஆமாங்க கடை திறந்தாச்சா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட சலூனைக் கை காட்டும். நாற்காலியில் உட்காருகிறவர் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரே பதில்தான். வெயில் கொளுத்துகிறது என்றால் ஆமாங்க. அதே நாளில் அடுத்தவர் வந்து, போன வருஷத்துக்கு இது ஒன்றுமே இல்லை என்றால் அதற்கும் ஆமாங்க.

எனக்குப் பொறுக்காது. "உங்களுக்குன்னு ஒரு கருத்தே கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

சவரக் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கத்திய கழுத்துல வச்சுக்கிட்டு எதிர்த்துப் பேசுனா ஆளு திரும்பிப் பாப்பாரு அண்ணே. திரும்புனா வெட்டிரும். எங்க தொழில்ல அது ஆகாது."

என் ஜெராக்ஸ் கடை அவர் கடையை ஒட்டி இருக்கிறது. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அங்கே கத்தரிக்கோல் கீழே விழுந்தால் இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன். அவர் மனைவி, மகள் நடை பழகுவதற்கு முன்பே இறந்துவிட்டார். பெண் துணை என்று சொல்லிக்கொள்ள இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. மகளுக்கு இப்போது பதினோரு வயது. பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வந்து, பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பா கடையில் உட்கார மாட்டாள், அவரே உட்கார விடமாட்டார்.

காரணம் அங்கே நடக்கிற பேச்சு. வெளியில் பெரிய மனிதர்களாகத் திரிகிற ஆட்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்திக்கொண்டதும் வாயைத் திறப்பார்கள் பாருங்கள், சாக்கடை தோற்றுவிடும். எவள் எப்படி நடக்கிறாள், எவன் எவளோடு போனான், எந்த நடிகைக்கு எது எப்படி. பக்கத்து பெஞ்சில் அவர்களுடைய மகன்களே முடி வெட்டக் காத்திருப்பார்கள். பிள்ளை இருக்கிறானே என்று ஒருத்தராவது நாக்கைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. பேச்சு முற்றினால் நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். அந்தப் பெண் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருப்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு உடல்நல வகுப்பு என்று அறிவித்தார்கள். வளரும்போது உடம்பில் என்னென்ன மாறும், சுத்தமாக எப்படி இருப்பது, யாராவது தப்பாகத் தொட்டால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் ஒரு நர்ஸ் வந்து சொல்லித்தருவார். விருப்பம் இல்லாத பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையை நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றால் வகுப்பே கிடையாது.

ஆமாங்கவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. "பெரிய பாரம் இறங்குன மாதிரி இருக்கு அண்ணே. அவளும் வளந்துட்டா. திடீர்னு ஒருநாள் ஏதாவது ஆச்சுன்னா பயந்துருவாளே. நானும் சொல்லிப் பாக்கலாம்னு ரெண்டு தடவ உக்காந்தேன். வாய் வரல. கணக்குப் பரீட்சை எப்போன்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டேன்."

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பெற்றோர் சங்கத் தலைவர் கிளம்பிவிட்டார். பெரிய ஃபர்னிச்சர் கடைக்காரர், தெருவில் பாதிப் பேர் அவரிடம் தவணையில் கட்டில் வாங்கியவர்கள். 'எங்கள் பிள்ளைக்கு இந்த வகுப்பு வேண்டாம்' என்று ஒரு கடிதம் தயார் செய்து, நகல் எடுக்க என் கடைக்கே கொண்டுவந்தார்.

"பாடத்த படிச்சுப் பாத்தீங்களா?" என்றேன்.

"அதப் படிக்க வேற செய்யணுமா? தலைப்பே சொல்லுதே."

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடும் என்று நம்புகிற கூட்டம். என்ன செய்வது, காசு வாங்கிக்கொண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். ஆமாங்கவுக்குக் கத்தி, எனக்கு மெஷின்.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனார் தலைவர். முகத்தில் நுரை தடவுவது வரைக்கும் எனக்குக் கேட்டது.

"பிஞ்சுலயே பிள்ளைங்க மனச கெடுக்கறாங்கய்யா. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது தேவையா? நீயே சொல்லு, பொண்ணு வச்சிருக்க."

கத்தி ஒருமுறை வழித்து இறங்கியது. பிறகு அந்தப் பாழாய்ப்போன பதில்.

"ஆமாங்க."

தடுப்பை ஓங்கி ஒரு குத்து விடலாமா என்று கை பரபரத்தது. தலைவர் போனதும் போய்ச் சண்டை பிடித்தேன். "கையெழுத்து ஒண்ணும் போடலியே அண்ணே, வெறும் வாய்ப்பேச்சுதான" என்றார். தலை மட்டும் குனிந்தே இருந்தது.

சனிக்கிழமை பள்ளியில் கூட்டம். எனக்கு அங்கே வேலையில்லை, என் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். வருகைத் தாள் கட்டைக் கொடுக்கப் போனவன் கதவோரமாக நின்றுவிட்டேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தலைமை ஆசிரியை. அவர் பக்கத்தில் அந்த நர்ஸ், துணிப்பையில் பாடப்புத்தகங்களோடு. அந்தப் பையைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

தலைவர் எழுந்தார். ஒழுக்கம், குடும்பம், பிஞ்சு மனசு என்று வாய் கிழியப் பேசினார். கடைசியில் கையை நீட்டி, "அதோ நம்ம சலூன்காரர். தாயில்லாப் பொண்ண தனியா வளக்கறவரு. அவரே வேணாம்னு என்கிட்ட சொன்னாரு. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஆமாங்க எழுந்து நின்றார். வழக்கமான வார்த்தை அவர் வாய்வரை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மென்று விழுங்கினார்.

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"ஆமாங்கன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். உங்க கழுத்துல என் கத்தி இருந்துச்சு. எது சொன்னாலும் ஆமாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்." அவர் அதோடு நிறுத்தவில்லை. "எம் பொண்ணுக்கு இந்த வகுப்பு வேணும். அவளுக்குச் சொல்ல வீட்டுல ஆள் இல்ல. எனக்குச் சொல்லத் தெரியல. பிள்ளைங்க மனசு கெட்டுரும்னு சொல்றீங்க. போன ஞாயித்துக்கிழம என் கடையில உக்காந்து நீங்க பேசினத இங்க திருப்பிச் சொல்ல முடியாது, பொம்பளைங்க இருக்காங்க. ஆனா உங்க பையன் அங்க பெஞ்சுலதான் உக்காந்திருந்தான். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தான். அப்போ கெடாத மனசா இந்தம்மா சொல்லிக்கொடுத்தா கெட்டுரும்?"

தலைவரின் மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். சில ஆண்களுக்குத் திடீரென்று செருப்பு வாரைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது.

இதோடு அவர்கள் வெட்கப்பட்டு மனம் மாறினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கடிதங்கள் முன்பே கையெழுத்தாகி மேஜைக்குப் போய்விட்டன. திருப்பி வாங்க எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று அத்தனை பேரும் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை எண்ணிப் பார்த்துவிட்டு, "பெற்றோர் விருப்பத்துக்கு மேல நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். வகுப்பு ரத்து. ஆமாங்கவின் மகளுக்கு மட்டும் அல்ல, வேண்டும் என்று நினைத்த எல்லோருடைய பிள்ளைக்கும் ரத்து. பூனை கண்ணை மூடிக்கொண்டது, அதனால் எல்லோருக்கும் இருட்டு. தலைவர் மறுநாளிலிருந்து அடுத்த தெரு சலூனுக்குப் போனார். அவரிடம் தவணை கட்டுகிறவர்களும் பின்னாலேயே போனார்கள்.

கூட்டம் கலைந்தபோது வாசலில் அந்த நர்ஸ் ஆமாங்கவைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். "இதுதான் பாடம். நகல் எடுத்துட்டுக் குடுங்க. நீங்களே சொல்லிக்கொடுக்கலாம், கஷ்டமில்ல."

நான்தான் நகல் எடுத்தேன். எடுக்கும்போதே ஒரு பக்கம் விடாமல் படித்தேன், அந்தப் பயங்கரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று. எங்கும் இல்லை. சோப்பும் தண்ணீரும் இருந்தது. பருவம் வரும்போது என்ன ஆகும், துணியை எப்போது மாற்றுவது என்று இருந்தது. உன் உடம்பு உன்னுடையது, யார் தப்பாகத் தொட்டாலும் அது உன் குற்றமில்லை, சத்தமாகச் சொல் என்று இருந்தது. இதைத்தான் பிள்ளைகள் காதில் விழாமல் காப்பாற்றினார்கள் அந்த உத்தமர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷின் மூடியைப் படாரென்று அடித்தேன். அதில் விழுந்த கீறல் இன்றும் இருக்கிறது.

ஆமாங்க அதை ஒரு வாரம் செய்தித்தாளுக்குள் மறைத்து வைத்துப் படித்தார். கடை விடுமுறை நாளில், சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மகளை நாற்காலியில் உட்கார வைத்தார். தலை வாருகிற சத்தம் கேட்டது. நேருக்கு நேர் பார்த்துப் பேச முடியாத மனிதர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசுவதுதான் அவருக்குப் பழக்கம். முதலில் கணக்குப் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாப்பா, ஒரு விஷயம் சொல்றேன். நடுவுல சும்மா ஆமாங்க, ஆமாங்கன்னு தலையாட்டக் கூடாது. புரியலன்னா புரியலன்னு சொல்லணும். சரியா?"

அதற்கு மேல் காது கொடுப்பது முறையில்லை. மெஷினில் வெற்றுத் தாளைப் போட்டு ஓடவிட்டேன். தாள் தீர்ந்து மெஷின் நின்றபோது அவரும் முடித்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல் மட்டும் கேட்டது.

"அவ்ளோதானாப்பா? இதுக்கா அத்தன பேரு சேந்து வேணாம்னு எழுதிக் குடுத்தாங்க?"

சீப்பு மட்டும் மறுபடி ஓட ஆரம்பித்தது.