நான் கூட்டி வைத்த கடற்கரை

எங்கள் கரையில் ஆளே இல்லை என்று பொய் சொன்னவர் நீங்கள். மீனவர் சங்கத்தின் தலைவர். என் மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை. வெளியூர்க்காரன் யாராவது சொன்ன பொய் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இந்தப் பொய்க்கு என் கையாலேயே வேலை செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்கிறேன். குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் தேங்கிய களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் தென்னையும் வெங்காயத் தோட்டமும். கடல் பக்கத்தில் எங்கள் எட்டுக் குடும்பத்தின் வள்ளங்கள் நிற்கும். வள்ளங்களுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த வாடிகள். வலையும் எஞ்சினும் வைக்கிற, வெயிலுக்கு ஒதுங்குகிற கொட்டிலைத்தான் வாடி என்போம். வாடிக்கு முன்னால் என்னைப் போன்ற பெண்கள் கருவாடு காயப்போடுகிற தட்டிகள். என் வாப்பா வள்ளம் ஏற்றிய இடத்தில்தான் என் கணவரும் ஏற்றினார். அந்த இடத்துக்கு உறுதி, அதாவது காணிப் பத்திரம், கிடையாது. எங்கள் கரையில் யாருக்கும் கிடையாது. வள்ளம் கிடக்கிற இடம் வள்ளக்காரனுக்கு, தட்டி கிடக்கிற இடம் தட்டிக்காரிக்கு. பொருள் கிடந்தால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சண்டைக் காலத்தில் கடற்படையிடம் பாஸ் எடுத்துத்தான் ஆம்பிளைகள் கடலுக்குப் போனார்கள். அப்போது இந்தக் கரையை எவரும் எட்டிப் பார்க்கவில்லை. சண்டை முடிந்த பிறகுதான் கரை அழகாகிவிட்டது. முதலில் டொல்பின் பார்க்க வந்தார்கள். பிறகு கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், இடுப்பில் பெரிய பட்டம் கட்டி, அது இழுக்கக் களப்புத் தண்ணீரில் சறுக்கி ஓடுகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் காணி பார்க்கிறவர்கள். வேனை விட்டு இறங்கி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். ஒருவர் இரண்டு கையையும் விரித்து அளவு காட்டுவார். அந்த இரண்டு கைக்கும் நடுவில் என் தட்டி இருக்கும், நானும் நிற்பேன். முந்தல் வரைக்கும் ரோட்டோரமெல்லாம் காணி விற்பனைக்கு என்று பலகை. பலகையில் இருந்த கடல் எங்கள் கடலைவிட நீலம்.

ஒரு நாள் காலையில் நீங்கள் கரைக்கு வந்தீர்கள். நான் கட்டா மீனை வெட்டி உப்புப் போட்டு இரண்டாம் நாள் வெயிலில் வைத்திருந்தேன்.

“மச்சி, நாளைக்குப் படம் புடிக்க ஆள் வருது. கரையக் கொஞ்சம் துப்பரவாக்கித் தரணும்.”

“என்னத்துக்குப் படம்?”

“நம்மட ஊர வெளிநாட்டுல காட்டப் போறாங்க. காட்டினா சனம் வரும். சனம் வந்தா ரோட்டு வரும், குழாய்த் தண்ணி வரும்.”

“அதுக்கு என்ட மீன் என்ன செஞ்சது?”

“மீன் ஒண்ணும் செய்யல்ல. நாத்தம்தான் செய்யுது.”

“படத்துல நாத்தமும் விழுமா மச்சான்?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். “ஒரே ஒரு நாள்தான் மச்சி. பொண்ணு பாக்க ஆக்கள் வந்தா வீட்ட எப்படி வைப்பீங்க, அப்படி வைங்க.”

எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்போதே உப்புக் கரித்தது. தேத்தண்ணீர் ஊற்றினாலும் உப்பு, சோறு ஆக்கினாலும் உப்பு. குழாய்த் தண்ணீர் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். என் கணவரும், “தலைவர் சொல்றார், ஒரு நாள்தானே,” என்றார்.

ஆம்பிளைகள் எட்டு வள்ளத்தையும் கரை வளைவுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். வலைகளை ட்ராக்டரில் ஏற்றினார்கள். வாடி நின்றால் படம் கெட்டுப்போகும் என்றீர்கள். கிடுகைக் கழற்றினோம், கம்பையும் பிடுங்கினோம். குழிகளை மூடச் சொன்னதும் நீங்கள்தான். தட்டிகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைசியாக நான் ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து, வாடி நின்ற இடத்திலிருந்து அலை அடிக்கிற இடம் வரைக்கும் கூட்டினேன். மீன் செதில், கயிற்றுத் துண்டு, வள்ளம் இழுத்த தடம், எங்கள் காலடிகள் எல்லாம் போயின. பெருநாளைக்குக் கூட்டின முற்றம் மாதிரிக் கிடந்தது. எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

படம் பிடிக்கிறவர்கள் தும்பி மாதிரி ஒன்றைப் பறக்க விட்டார்கள். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. எங்களைத் தென்னைகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னீர்கள். நின்றோம். பாதி காய்ந்த என் மீன் மூடி வைத்த இடத்தில் புழுத்துவிட்டது. வாளியோடு கொண்டுபோய்க் களப்பில் கொட்டினேன்.

மறுநாள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தோம். ஒரு மழைக்காலம் போனது. பிறகு ஒரு நாள் லொறியில் கொங்கிறீட் தூண்கள் வந்தன. வளைவிலிருந்து தாழம்புதர் வரைக்கும் நட்டு, கம்பி இழுத்தார்கள். “கொம்பனிக் காணி, எங்களுக்கு வேற ஒண்ணும் தெரியா,” என்றார்கள் வேலையாட்கள். வாடிகளைப் பிடுங்கி வெளியே போட்டார்கள். கடலுக்குப் போக ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். ஒரு ஆள் போகலாம். வள்ளம் போகாது.

எட்டுக் குடும்பமும் அரசாங்கக் காணிக் கந்தோருக்குப் போனோம். அந்த உத்தியோகத்தர் எங்களை விரட்டவில்லை. கதிரை போட்டு உட்காரச் சொன்னார். சிங்களம் பேசுகிறவர், ஆனாலும் தமிழிலேயே கேட்டார். ஒரு கடதாசிக் கோவையைத் திறந்து படத்தை என் பக்கம் திருப்பினார்.

“அம்மா, நீங்க சொல்ற வாடி எங்க? இதுல காட்டுங்க.”

பார்த்தேன். கடல், மணல், தென்னை. வள்ளம் இல்லை, வாடி இல்லை, மனுசர் இல்லை. மணலில் மட்டும் அரை வட்டம் அரை வட்டமாகக் கோடுகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அலை வரைக்கும்.

“மாத்தையா, இந்தக் கோடு என்ட. நான் கூட்டினது.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “கூட்டினதுக்கு உறுதி குடுக்க ஏலாதே அம்மா.”

படத்துக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. இந்தக் கரையை மீனவர் யாரும் தொழிலுக்குப் பாவிப்பதில்லை என்று சங்கத்தின் முத்திரையோடு எழுதி, நீங்கள் கையெழுத்து வைத்திருந்தீர்கள். உத்தியோகத்தர் அதைத் தொட்டுக் காட்டி, “இத தந்தவரே, அண்டைக்கு மட்டும் எல்லாத்தையும் எடுத்து வச்சதெண்டு சொன்னா, விசாரணையில வைக்கலாம். இல்லாட்டி இந்தப் படம்தான்,” என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உங்கள் வாசலுக்கு வந்தேன். முதல் தடவை நீங்கள் புத்தளம் போய்விட்டதாக உங்கள் மனைவி சொன்னார். உங்கள் செருப்பு படியில் கிடந்தது. இரண்டாம் தடவை உட்கார வைத்தீர்கள்.

“மச்சி, அத இப்ப சொல்ல ஏலாது.”

“ஏன்?”

“சொன்னா முதல்ல எழுதினது பொய்யாப் போயிரும்.”

“பொய்தானே மச்சான்.”

நீங்கள் உள்ளே பார்த்துத் தேத்தண்ணீர் கொண்டு வரச் சொன்னீர்கள். குடித்தேன். உங்கள் வீட்டுத் தேத்தண்ணீரில் உப்பு இல்லை.

இப்போது எங்கள் வள்ளம் வீட்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்கு அடியில் கோழி முட்டை இடுகிறது. என் கணவர் இன்னொருவரின் வெங்காயத் தோட்டத்தில் குழாய் இழுக்கிறார். கடலில் திசை பார்க்கத் தெரிந்த மனுசன். ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி, “கூட்டினது நீதானே,” என்றார். ஓம், நான்தான். எட்டுக் குடும்பத்தில் இரண்டு குடும்பங்கள் வள்ளத்தை விற்றுவிட்டன. ஒரு வீட்டுப் பெண் கம்பிக்கு உள்ளே புல்லுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறாள், முன்பு தன் தட்டி கிடந்த இடத்திலேயே. விசாரணை அடுத்த மாதம். அதற்குப் பிறகு போய்க் கேட்க எங்களுக்கு வேறு கந்தோர் தெரியாது.

இனி உங்கள் வாசலுக்கு நான் வர மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் பள்ளிவாசல் முன்னால் நிற்கும். பெண்கள் நாங்கள் எதிர்மதில் ஓரமாக வந்து நிற்போம். நீங்கள் சொல்வதைக் கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு விசாரணைக்குப் போவோம். பள்ளிவாசல் முன்னால் வந்து, ஊர் கேட்க, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு எங்கள் வள்ளங்களையும் வாடிகளையும் எடுக்கச் சொன்னது நீங்களா, இல்லையா?