சூடு குறையாத அணுக்கரு

முனைவர் பட்டத்துக்காக எழுதிய என் கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தபோது, தீபாவளி விடுமுறைக்கு மலைமேல் தேயிலை எஸ்டேட் வீட்டில் இருந்தேன். மதிப்பீட்டாளர் கேட்டிருந்தது ஒரே கேள்வி. உங்கள் கணக்கில் மட்டும் உராய்வு ஏன் இவ்வளவு குறைவு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு அணுக்கருக்கள் மோதி ஒன்றாகும்போது பிறக்கும் புதுக்கரு கடும் சூட்டில் இருக்கும். சில நியூட்ரான்களை உமிழ்ந்துவிட்டு, பிறகு இரண்டாகப் பிளக்கும். உள்ளே உராய்வு அதிகமென்றால் பிளவு தாமதமாகும். அதற்குள் இன்னும் நியூட்ரான்கள் வெளியேறும். இதைக் கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் என் வேலை. ஆய்வகத்தில் அளந்ததைவிட என் கணக்கில் நியூட்ரான்கள் எப்போதும் கூடுதலாகவே வந்தன. உராய்வைக் குறைத்துக்கொண்டே போனேன். எண்கள் பொருந்தின. அதையே புதுக் கண்டுபிடிப்பென்று எழுதியும் விட்டேன்.

பதில் சொல்ல, எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. மடிக்கணினியின் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. வயரைச் சொருகினால்தான் உயிர். மூன்று நாள் ஓடிய கணக்கு முடியப்போகும் நேரத்தில், கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போனது. இடையிடையே சேமிக்கும்படி நிரலை எழுதியிருக்கவில்லை. யாரைத் திட்டுவது?

காய்கறி லோரி ஓட்டும் அண்ணன் வாசலில் நின்று சிரித்தான்.

"என்னாம்மா, பாம் வெடிக்கலையா?"

"பாம் இல்லண்ணே! எத்தன வாட்டி சொல்றது?"

"லைன் வீடுங்கள்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க லா."

"நீதானே சொல்லி வெச்சே!"



செய்ய வேறொன்றும் இல்லாத எரிச்சலில், அச்சடித்து வைத்திருந்த நிரலைப் பாயில் விரித்து வரிவரியாகப் படித்தேன். நியூட்ரான் வெளியேறும் இடம் வந்தது. அது கொண்டுபோகும் இயக்க ஆற்றலைக் கழித்திருந்தேன். கருவிலிருந்து அதைப் பிய்த்தெடுக்கச் செலவாகும் பிணைப்பு ஆற்றலைக் கழிக்கவே இல்லை. பெரிய பங்கே அதுதான். என் கருக்கள் நியூட்ரான்களைத் துப்பித் துப்பியும் போதிய அளவு ஆறவில்லை. ஒன்றரை வருடமாக!

கொழுந்து வெட்டிவிட்டு மதியம் வந்த அம்மா, "சாப்ட்டியா?" என்றாள்.

"ஒரு வரிம்மா! ஒரே ஒரு வரி!" என்று கத்திவிட்டேன். அவள் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

பிற்பகல் அண்ணனின் லோரியில், கரண்ட் இருந்த பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். காப்பிக் கடையில் வயரைச் சொருகி, விட்டுப்போன வரியைச் சேர்த்து, கடையின் இணையம் வழியே பல்கலைக்கழகக் கணினியில் ஓடவிட்டேன். இரண்டு நாளில் விடை வந்தது. இப்போது நியூட்ரான்கள் குறைந்தன. உராய்வை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றி ஏற்றி, மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ சொல்லிவிட்ட அதே அளவில் வந்து நின்றது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில் பாராட்டினார். கணக்கு சரி, ஆனால் இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லையே என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.