பங்குனி முடிவதற்குள்

முதல் ஸ்கேனில் சொன்ன பிரசவத் தேதியை வீட்டுக்கு வந்ததும் தமிழ் மாதத்துக்கு மாற்றிப் பார்த்தேன். தேதிகளைக் குறித்து வைப்பது என் பழக்கம். சித்திரை இரண்டாம் வாரம். மாதத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையே ஒருநாள் சமையலறை நாள்காட்டியைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் நம்பிக்கை.

நாத்தனாரின் இரண்டு பிரசவங்களையும் பார்த்த டாக்டரிடமே என்னையும் சேர்த்திருந்தார்கள். சிராங்கூன் ரோட்டில் கிளினிக். வயிற்றில் ஜெல் தடவி நான் படுத்திருக்கும்போதே அத்தை கேட்டார்.

"பங்குனிக்குள்ள எடுத்துடலாமா டாக்டர்?"

"முப்பத்தெட்டு வாரம் ஆனா செஞ்சிடலாம் லா. நல்ல நேரம் பாத்துட்டு வாங்க."

இருவரும் என் தலைக்கு மேலே பேசி முடித்தார்கள்.

அரசு மருத்துவமனையில் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். காரணமில்லாமல் முன்கூட்டியே அறுத்து எடுத்தால் குழந்தை மூச்சுவிடச் சிரமப்படலாம், வலி தானாக வரட்டும் என்றார் அவர். அவரிடமே மாறினேன்.

வீட்டில் யாரும் கத்தவில்லை. தட்டில் சோறு எப்போதும்போல் வந்தது, பேச்சுதான் வரவில்லை. குவீன்ஸ்டவுனின் அந்த மூவறை வீட்டில் கோபித்துக்கொண்டு போய் உட்காரவும் இடமில்லை.

பங்குனி கடைசி நாள் காலையில் வலி எடுத்தது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தார்கள், புரளக்கூட முடியவில்லை. முதல் பிரசவம், கர்ப்பப்பை வாய் மெதுவாகத்தான் திறக்கும் என்றார் தாதி. கணவரின் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்னு அம்மா கேக்குறாங்க."

"உள்ள இருக்கிறவன்கிட்ட கேளுங்க."

அப்படிச் சொன்னேனே தவிர, நானும் கடிகாரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கே வந்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்தப் பயம் எப்போது என்னையும் தொற்றியது என்று தெரியவில்லை.

புத்தாண்டு அன்று முற்பகலில் பிறந்தான். நல்ல குரலில் அழுதான்.

வீட்டுக்கு வந்தபின், ஊரிலிருந்து போனில் அழைத்த சொந்தங்களிடம் அத்தை மடியில் அவனை வைத்தபடி பேசினார். யார் பிறந்தாலும் தமிழ் மாதமும் நட்சத்திரமும் சொல்லாமல் விடாதவர்.

"ஏப்ரல்ல பொறந்தான்" என்றார். "ஆமா, ஏப்ரல். வேற என்ன விசேஷம், சொல்லு."

பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். தேதியில் யார் தவறினாலும் திருத்துகிறவள் நான். பிள்ளைக்குப் பசிக்கும் என்று சொல்லி, அவனை வாங்கிக்கொண்டேன்.